இரண்டெழுத்து

சோமனூர்ப் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு தறி.
கூலிக்கு ஓட்டுகிறோம்.
நாடா அடிக்கும் அடியில்
தகரக் கூரையில் உட்கார்ந்த காகம்கூட
வாயைத் திறந்து மூடும், அவ்வளவுதான்.
உள்ளே காதுக்கு வேலை இல்லை.
ஊடை தீர்ந்ததா, பாவு அறுந்ததா, டீ வந்ததா,
எல்லாம் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

வீட்டில் இரண்டு குழாய்.
ஒன்றில் ஆயிரத்து இருநூறு அடி ஆழத்து உப்புத்தண்ணி.
இன்னொன்றில்
எட்டு நாளைக்கொரு முறை நல்லதண்ணி.
மாற்றிப் பிடித்துவிடாமலிருக்க
ரோசலின் பச்சை நூல் கட்டியிருக்கிறாள்.
எனக்கு வாய் ஒன்றுதான்.
நூல் கட்ட இடமில்லை.

நூல் ஏஜெண்ட் வந்தால் "வாங்க, உட்காருங்க".
கரண்ட் ஆபீசருக்கு "சொல்லுங்க".
போதகருக்கு "ஸ்தோத்திரமுங்க".
நாயை விரட்டினாலும் "போங்க" என்போமாம்,
வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள்.
துளசிமணிக்கு மட்டும்
பதினோரு வருசமாய் அந்த இரண்டெழுத்தை
நான் பிடித்தம் செய்து வந்திருக்கிறேன்.
எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாத பிடித்தம்.

அன்று ஆறாம் தறியில்
இழை அறுந்தது தெரியாமல்
நாலு மீட்டர் ஓடிவிட்டது.
தறிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்,
புருசன் விட்டுப் போனவளிடம்
எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதோ அதை.
அதன் நடுவெழுத்தில் கரண்ட் நின்றது.

பன்னிரண்டு தறியும் நின்றன.
சொல் நிற்கவில்லை.
ஜன்னல் வழியே இறங்கி
பக்கத்துப் பட்டறைக்குப் போய்
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து
பரோட்டாவுக்கு மாவு பிசைந்த பையனைத் திரும்பிப் பார்க்க வைத்து
என்னிடமே வந்து நின்றது.
அதை இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் இரண்டாம் முறை சொன்னதாகிவிடும்.

துளசிமணி அறுந்த நுனியைத் தேடி எடுத்தாள்.
எச்சில் தொட்டு
முடிச்சுப் போட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் வாசிப்பு என் முறை.
குரல் கணீரென்று இருந்ததாகச் சொன்னார்கள்.
திருவிருந்துக்கு முழங்காலிட்டேன்.
அப்பத் துண்டு நாக்கில் கிடந்தது,
அந்தச் சொல் கிடந்த அதே இடத்தில்.
விழுங்க முடியவில்லை.
கிண்ணம் என்னிடம் வருமுன்னே எழுந்து
வெளியே நடந்தேன்.
சபை முழுக்கப் பார்த்தது.
ரோசலின் மட்டும் தலை குனிந்திருந்தாள்.

சாமளாபுரத்தில் அவள் வீட்டு வாசல்.
முறத்தில் ரேசன் அரிசி, கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
நான் வண்டியை அணைக்கவில்லை,
சத்தம் துணைக்கு இருக்கட்டுமென்று.
"அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.
நிமிராமலே சொன்னாள்:
"தறிச் சத்தத்துல
ஒண்ணுமே காதுல உளுகலீங்க."

சத்தமே இல்லாத நேரத்தில் விழுந்த சொல்.
ஊருக்கே விழுந்த சொல்.
மாகாளியம்மனுக்கு வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறவள்
எனக்காக ஒரு பொய் சொன்னாள்.
பொய் என்றுதான் சொல்லவேண்டும்.
குடித்துப் பார்த்தவனுக்கு அது நல்லதண்ணி.

வண்டியை அணைத்தேன்.
"உளுந்துச்சுங்க.
மன்னிச்சுக்குங்க."
பதினோரு வருசத்துப் பாக்கியில்
இரண்டு தீர்ந்தது.

ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.
நெல்லா கல்லா என்று பார்த்து
இன்னொன்றையும்.
"நாளைக்கு ஆறாந்தறிக்குப் பாவு பிணைக்கோணுமுங்க,
நேரத்துல கதவைத் தொறந்து வெச்சுருங்க."

இப்போதும் கோபம் வருகிறது.
பழைய சொற்கள் தொண்டை வரை,
சில நாள் பல் வரைக்கும் வந்துவிடுகின்றன.
ஆண்டவரே என்று கடித்துக்கொள்கிறேன்.
நேற்று ஒன்று நழுவியது,
தார் சுற்றுகிற பையனிடம்.
பின்னாலேயே போய்ப் பொறுக்க வேண்டியதாயிற்று.

நாலு மணிக்குக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து
"டீ வந்துருச்சுங்க" என்கிறேன்.
பன்னிரண்டு தறியும் ஓடுகின்றன,
எனக்கே கேட்பதில்லை.
துளசிமணி என் உதட்டைப் பார்க்கிறாள்,
டீ வந்தது புரிந்த பிறகும்,
கடைசி இரண்டெழுத்து வரும்வரை.